ஸ்பீக்கருக்குக் கீழே ஒரு சீட்டு

கம்பெனி பஸ் ஓட்டுகிறவனுக்கு ரோடு ஒரு தொல்லையே இல்லை. பஸ்ஸுக்குள் யார் பாட்டு ஓடுவது என்பதுதான் தொல்லை. தனக்குப் பிடித்த பாட்டை அடுத்தவர் காதிலும் ஊற்றாமல் விடமாட்டேன் என்கிற ஆள் ஒருத்தர் உங்கள் வீட்டில் இருந்தால் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். எனக்கு அப்படி நாற்பது பேர். நெமிலிச்சேரியில் ஏற ஆரம்பித்து, நசரத்பேட்டை, குமணன்சாவடி என்று பஸ் நிரம்பி, அம்பத்தூர் எஸ்டேட்டில்தான் இறங்குவார்கள்.

கிழமைக்கு ஒருத்தர்

சண்டை தாங்காமல் ஒரு சட்டம் போட்டேன். அதிகம் சண்டை போட்ட ஆறு பேருக்கு ஆளுக்கு ஒரு கிழமை, அன்றைக்கு அவருடைய பென் டிரைவ். கம்பெனி கேட் வரை அவர் பாட்டுதான், நடுவில் மாற்றச் சொல்லக் கூடாது. பேக்கிங்கில் வேலை செய்யும் பரமேஸ்வரி தன் முறைக்கு முழுக்க அம்மன் பாட்டாகக் கொண்டுவந்தாள். பின் சீட்டுக்காரர்கள் முனகினார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நேத்து உங்க குத்துப்பாட்டுக்கு நான் வாய மூடிகினு வந்தேன்ல? இன்னிக்கு நீங்க கன்னத்துல போட்டுகினு வாங்க."

விரல்

தஸ்தகீர் பாய் பூந்தமல்லிக்காரர். குமணன்சாவடியில் ஏறுவார். தகடு அடிக்கும் பிரஸ் மெஷினில் பதினெட்டு வருஷமாக நிற்கிறவர். அவர் முறை வியாழக்கிழமை. எல்லாம் பழைய பாட்டு. போட்டுவிட்டுச் சும்மாவும் இருக்கமாட்டார். எனக்குப் பின்னால் நின்றுகொண்டு, நல்ல இடம் வருவதற்கு ஒரு நொடி முன்னால், கண்ணாடியில் எனக்குத் தெரிகிற மாதிரி விரலைத் தூக்குவார்.

முதல் தடவை அவர் விரல் எழுந்ததும் பாட்டுக்குள் ஒரு ஷெனாய் எழுந்தது. சின்ன வயதிலிருந்து கேட்ட பாட்டு அது. அதில் ஷெனாய் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கண் கலங்கிவிட்டது, வண்டியைக் கொஞ்சம் மெதுவாக்கினேன். பாய்க்குப் பெருமை தாங்கவில்லை.

"இத்தினி நாளா நீ பாட்ட கேக்கல அண்ணாத்தே, பக்கத்து ஊட்டு சண்ட மாதிரி தாண்டிப் பூட்ட."

சவுண்டு

போன மழைக்காலத்துக்குப் பிறகு பாய்க்குப் புதிதாக ஒரு பழக்கம் வந்தது. ஏறியதுமே, "சவுண்டு வை அண்ணாத்தே." வைத்தேன். "இன்னும் கொஞ்சம்." பரமேஸ்வரி காதைப் பொத்திக்கொண்டாள். யாரோ புகார் கொடுத்து எனக்கு மெமோ வந்தது. எனக்கோ கோபம் மூக்குக்கு மேல். "அவ்ளோ சவுண்டு வோணும்னா போய் ஸ்பீக்கர் கீழ குந்து பாய், எல்லாரையும் செவிடாக்காத" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். இன்றைக்கு நினைத்தாலும் நாக்கு கூசுகிறது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பஸ்ஸின் நடுவில், ஸ்பீக்கருக்கு நேர் கீழே போய் உட்கார்ந்தார்.

"இன்னாத்துக்குக் கோவம்? எனுக்கு இங்க சொகமாத்தான் கீது."

எலி கடித்த ஒயர்

பிறகு தொந்தரவே இல்லை. பாய் தினமும் அதே சீட்டில் தலையை ஆட்டிக்கொண்டு வருவார். ஒழிந்தது சனியன் என்று நான் நிம்மதியாக ஓட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைச் சுத்தம் செய்யும்போது பார்த்தால், அந்த நடு ஸ்பீக்கரின் ஒயரை எலி கடித்துத் துண்டாக்கியிருந்தது. அறுந்த முனையில் தூசி படிந்து கிடந்தது. எப்படியும் பத்து நாள் ஆகியிருக்கும். முன் ஸ்பீக்கரின் சத்தத்தில் எனக்குத் தெரியவில்லை. நடுவில் இருந்தவர்களோ சத்தம் குறைந்ததே போதும் என்று வாய் திறக்கவில்லை.

மறுநாள் அவர் பக்கத்தில் போய்க் கேட்டேன். "பத்து நாளா உன் தலைக்கு மேல ஒண்ணுமே பாடல பாய். ஏன் சொல்லல?" என் கண்ணைப் பார்க்காமல் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கம்பெனியில் காதுக்கு அடைப்பான் கொடுக்கத்தான் செய்தார்கள். வைத்துக்கொண்டால் பக்கத்து மெஷின்காரர் பாடுவது கேட்காது என்று, பாய் அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தாராம். காது போனது தெரிந்தால் மெஷினிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று யாரிடமும் சொல்லவும் இல்லை.

"முன்னால கீறவங்க தல ஆடிச்சி அண்ணாத்தே. பாட்டு ஓடுதுன்னு நானும் ஆட்னேன்."

வியாழக்கிழமை

போனது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காதில் மாட்டும் மெஷினைப் போட்டால் பேச்சு கொஞ்சம் பிடிபடுகிறது. பாட்டு மட்டும் தகர டப்பாவில் ஆணி உருட்டுகிற மாதிரி இருக்கிறதாம். அதனால் பஸ்ஸில் ஏறியதும் கழற்றிவிடுகிறார். இப்போது அவருக்கு குடோனில் வேலை. கேட்காதவருக்கு எதற்கு ஒரு முறை, அந்த வியாழனை எங்களுக்குக் கொடுங்கள் என்று பின் சீட்டிலிருந்து ஒருத்தர் கேட்டார். பரமேஸ்வரி அடிக்கப் போய்விட்டாள். வியாழன் இன்னும் பாயுடையதுதான். அன்றைக்கு மட்டும் முன் சீட்டில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டு வருவார். ஷெனாய் வருவதற்கு ஒரு நொடி முன்னால் இப்போது நான் விரலைத் தூக்குகிறேன். அவர் கண்ணை மூடிக்கொள்கிறார்.

போன வாரம் லாரி ஒன்று குறுக்கே வந்துவிட்டது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில். ஷெனாய் வந்து, போயும்விட்டது. பாய் கண் கொட்டாமல் காத்திருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. பாட்டு முடிகிற நேரத்தில், ஷெனாயே இல்லாத இடத்தில் விரலைத் தூக்கினேன். கண்ணை மூடினார். முகமெல்லாம் சிரிப்பு. தன் குரல் தனக்கே கேட்காதவர், பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்.

"எப்பிடி எயுந்து வர்து பாத்தியா அண்ணாத்தே!"

ஏறியவர் யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட வராமல் வண்டி ஓட்டியதற்காகக் கம்பெனி எனக்குக் கொடுத்த கேடயம், துடைக்க எனக்கே மனசு வராமல் டிவிக்கு மேல் தூசியோடு இருக்கிறது.