அம்மாவாக உட்கார்ந்தவள்

நான் பாடம் நடத்துவதில்லை, வகுப்பில் கூத்தடிக்கிறேன் என்று மரக்காணத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளியின் ஆசிரியர் அறையில் எனக்குப் பெயர். எனக்கும் அதில் கொஞ்சம் திமிர் உண்டு. கதையை வாசித்து முடித்ததும் முன்னால் ஒரு நாற்காலியைப் போடுவேன். கதையில் வரும் ஆளாக ஒருவர் அதில் உட்கார வேண்டும். மற்றவர்கள் அந்த ஆளைக் கேள்வி கேட்பார்கள்.

அன்று பத்தாம் வகுப்பு. பிள்ளைகளை விட்டுவிட்டு வேலை தேடிப் போன ஒரு தாயின் கதை. அவள் திரும்பி வந்தாளா என்று கதையில் இல்லை. கூனிமேட்டிலிருந்து வரும் ஒரு மாணவி முந்திக்கொண்டு ஓடி வந்து உட்கார்ந்தாள். அவள் அம்மாவுக்குக் குவைத்தில் வீட்டு வேலை. பெரியம்மா வீட்டில் இருந்துதான் படிக்கிறாள். துப்பட்டாவைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு, “ம், கேளுங்க” என்றாள்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. மற்ற நாட்களில் அடக்கவே முடியாத வகுப்பு அது. உப்பளத்துப் பிள்ளைகளும் கூனிமேட்டுப் பிள்ளைகளும் தலையைக் குனிந்து டெஸ்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “வாயில என்ன கொழுக்கட்டையா?” என்று அதட்டிவிட்டு நானே கேட்டேன்.

“ஏம்மா, பொண்ண உட்டுட்டுப் போயிட்டியே, எப்ப வருவ?”

முதல் பெஞ்சில் ஒருத்தி அழத் தொடங்கினாள். நாற்காலியில் இருந்தவள் முதலில் சிரித்தாள். பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லோரும் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள்.

“நான் வர மாட்டேன் டீச்சர்.”

அது அவள் குரலாகவே இல்லை.

அவள் அம்மா இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அங்கேயே அடக்கம். அம்மாவின் போன் ரிப்பேர் என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். “பரீட்சை முடியட்டும்னுதான் டீச்சர் மறைச்சோம். பசங்ககிட்ட கூட சொல்லி வெச்சிருந்தோம்” என்றார், அவளை அழைத்துப்போக வந்த பெரியம்மா. ஊருக்கே தெரிந்த விஷயம், புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் வந்து போகும் எனக்குத் தெரியவில்லை. வகுப்பில் ஆள் இல்லாதபோதுகூட அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது. பயத்தில் எதையாவது சத்தமாக வாசிக்கத் தொடங்கிவிடுவேன்.

கடைசிப் பரீட்சை அன்று அவள் என்னைத் தேடி வந்தாள்.

“எல்லாரும் மறைச்சாங்க டீச்சர். நீங்க ஒருத்தர்தான் எனக்குத் தெரியணும்னு நெனச்சீங்க. அதுக்குத்தானே அன்னைக்கு அந்தக் கதைய எடுத்தீங்க?”

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நம்புவதற்கு அவளுக்கு வேறு யாரும் மிச்சமில்லை.

“ஆமாம்மா” என்றேன்.