அண்ணன் தோட்டத்து டிசம்பர் பூவை ஒடித்தது யார்

அண்ணன் போய் ஓராண்டு ஆகிவிட்டது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உங்கள் எல்லோருக்கும், கூடப்பிறந்த தங்கையின் வணக்கம். அண்ணனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுது என்று அண்ணி சொன்னார். எழுதுகிறேன். வீதியில் தப்பாக நிலைத்துவிட்ட ஒரு பேச்சையும் இதிலேயே சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

பல்லடம் பக்கம் தறிக்காரர் வீட்டில் தலைப்பிள்ளையாகப் பிறந்தவர் அண்ணன். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் படிப்பை நிறுத்திவிட்டு, கோவையில் பம்பு செய்யும் பட்டறையில் கடைசல் வேலைக்குச் சேர்ந்தார். என் கல்யாணத்தை முடித்த பிறகுதான் தன் கல்யாணத்துக்குத் தலையாட்டினார். "ஒரு நூல் அளவு தப்புனாலும் சாமான் போச்சு அம்மணி, எதையும் ரெண்டு தடவை பார்க்கோணும்" என்பது அவர் பேச்சு. கேஸ் சிலிண்டரைக்கூட எடை போடாமல் உள்ளே விட மாட்டார். "என்னையவே மூணு தடவை வந்து பார்த்துட்டுத்தான் கட்டுனாரு" என்று அண்ணி சிரிப்பார்.

ஓய்வு பெற்றுத் துடியலூரில் வீடு கட்டியதும், பட்டறையில் ஒதுக்கிய பம்புக் கூடுகளை வாங்கி வந்து, வெள்ளிப் பெயின்ட் அடித்து, மண் நிரப்பிச் செடி வைத்தார். பின்னால் டேலியா, நடுவில் செவ்வந்தி, முன்வரிசையில் டிசம்பர் பூ. ஒரே இடைவெளி, ஒரே உயரம். மார்கழிக் குளிரில் நடக்கப் போகிறவர்கள் அந்த வாசலில் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அண்ணனுக்கு அதில் பெருமையும் உண்டு, பயமும் உண்டு. வெள்ளையில் ஊதாக் கோடு ஓடிய டிசம்பர் பூ அந்த வீதியில் அவரிடம் மட்டும்தான் இருந்தது. பூ கேட்டால் கொடுப்பார். கிளை கேட்டால், "அது இந்த வாசலுக்கு மட்டும்" என்று முடித்துவிடுவார்.

பக்கத்து வீட்டில் ஸ்டெல்லா, ஆஸ்பத்திரி நர்ஸ். வாராவாரம் அண்ணனுக்கு பிரஷர் பார்ப்பார். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் அவர்கள் சர்ச்சுக்கு அண்ணன் ஒரு கூடை செவ்வந்தி கொடுத்தனுப்புவார்.

மூன்று மார்கழிக்கு முன் ஒரு காலையில், அந்தக் கோட்டுப் பூச்செடி பாதி பிய்ந்து தொங்கியது. அதே வீதியில் இருக்கும் நான் அங்கே போனபோது அண்ணன் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க ஸ்டெல்லா, நேத்து ரொம்ப நேரம் எட்டிப் பார்த்துட்டு நின்னீங்களே, என்ன விசேசம்?"

"பூவைத்தானுங்கண்ணா பார்த்தேன். பார்க்கக் கூடாதுங்களா?"

"பார்த்தது நேத்து. ஒடிஞ்சது இன்னிக்கு."

"அப்ப நாந்தான்னு சொல்றீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லலீங்க. செடி சொல்லுது."

ஸ்டெல்லா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த வாரமே அண்ணன் சுவருக்கு மேல் தகரம் அடித்தார். பிரஷர் பார்ப்பது நின்றது, செவ்வந்தியும் நின்றது. வீதியில் யாரும் ஸ்டெல்லாவை கேட் தாண்டி உள்ளே கூப்பிடுவதில்லை. அவருடைய அப்பாவும் அம்மாவும் பிறத்தியார் தோட்டம் காட்டில் கூலி வேலை செய்தவர்கள். வேறு வீட்டுப் பெண்ணாக இருந்திருந்தால் வீதி இத்தனை சுருக்காக நம்பியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

கிளையை ஒடித்தது நான்.

கேட்டு வாங்கிய கிளை பிடிக்காது, தெரியாமல் எடுத்து நட்டால்தான் வேர்விடும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. விடியும் முன்னே போய் அவசரத்தில் இழுத்தேன், செடியே கிழிந்துவிட்டது. அண்ணனின் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வாய் வரவில்லை. கிளையை என் வீட்டு மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நட்டேன். முழங்கால் வலியால் அண்ணன் மாடி ஏற மாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

பால்காரர், பேப்பர்காரர், மீட்டர் பார்க்க வருகிறவர் என்று எல்லோர் மேலும் அண்ணனுக்கு ஒரு கண் இருந்தது. என்னை மட்டும் சந்தேகப்படவில்லை. ஒரு காலையில் மயங்கி விழுந்து, தெளிந்து ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது கேட் சாவியைக் கொடுத்து, "நீயே தண்ணி ஊத்து அம்மணி. உன்னைய விட்டா நம்பறதுக்கு இந்த வீதில ஆளில்லை" என்றார். வாங்கிக்கொண்டேன். அப்போதும் சொல்லவில்லை. ஆறு நாளில் அண்ணன் போய்விட்டார்.

இந்தக் கட்டுரையை எழுத உட்காரும் முன் ஸ்டெல்லாவின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அது எனக்கு அன்னிக்கே தெரியுமுங்கக்கா. நைட் டூட்டி முடிஞ்சு வந்தேன். நீங்க முந்தானைக்குள்ள மறைச்சுட்டுப் போனீங்க."

"அப்புறம் ஏன் அண்ணன்கிட்டச் சொல்லலை?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன். ஒரு வாரம் பார்த்தேன். அப்புறம் நான் சொன்னா, மாட்டிக்கிட்டதுக்கு உங்களைக் கோத்து விடறேன்னுதானுங்க சொல்லுவாங்க."

மலரில் எழுதப் போகிறேன், உங்கள் பேர் வராமல் எழுதட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாமுங்க. பேசும்போது பேரைச் சொல்லித்தான பேசுனாங்க. எழுதும்போதும் பேரைப் போட்டே எழுதுங்க."

அண்ணனைக் கடைசிவரை கவனித்த மருத்துவர்களுக்கும், காரியங்களில் கூட நின்ற பங்காளிகளுக்கும் மாமன் மச்சான்களுக்கும், பந்தல் போட்டுச் சமைத்துக் கொடுத்த எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணன் மயங்கி விழுந்த காலையில் அண்ணியின் சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தவர் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா. அவருக்குத் தனியாக நன்றி. அவர் அந்தச் செடியைத் தொடவே இல்லை.