கடல் பார்க்க வந்த பெரியவர்

லிஃப்ட்காரரை வாடகை வீட்டுக்கென்றே அளவெடுத்துச் செய்திருப்பார்கள் போல. சுவரில் ஆணி அடிக்க மாட்டார். காலண்டர்கூடக் கதவுப் பிடியில்தான் தொங்கியது. கீழ்வீட்டுக்குச் சத்தம் கேட்டுவிடக்கூடாது என்று நாற்காலிக் கால்களுக்கெல்லாம் பழைய காலுறையை வெட்டி மாட்டியிருந்தார். "இவரு தும்மறதுக்குக்கூட ஓனர்கிட்ட பர்மிஷன் கேப்பாரு" என்று மனைவி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. பிழைக்க வந்த தேசம். பெருநகரத்துக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. அங்கேயே குடியிருக்கக் கட்டுப்படியாகாமல், ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளியிருந்த இந்தக் கடலோர ஊரில் வீடு தேடினார். வெளிநாட்டுக்காரர் என்றதும், நேற்றுவரை காலியாகக் கிடந்த வீட்டுக்கெல்லாம் திடீரென்று ஆள் வந்துவிட்டதாகச் சொன்னார்கள். அலைந்து அலைந்து கடைசியில் ஒரு மாடி வீடு அமைந்தது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்குத்தான் என்று தரகர் சொன்னதை அவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

அப்புறம் ஊரில் அம்மா போய்விட்டாள். தனியாக நின்ற அப்பாவை ஒரே பிள்ளை அழைத்து வந்துவிட்டார். அழைத்து வந்தாரே தவிர ஓனரிடம் மூச்சு விடவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனார். காலி பண்ணச் சொல்லிவிட்டால் மறுபடி வீடு வீடாக ஏறி இறங்க வேண்டுமே! அப்பாவுக்கு இது புரிந்திருந்தது. இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்து இருமினார். மகன் பார்த்தும் பார்க்காதவர் போல இருந்தார்.

ஒரு சனிக்கிழமை காலை ஓனர் போன் செய்தார். கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் கசிகிறதாம், மேலே குழாயைப் பார்க்க வருகிறாராம்.

"இன்னிக்காவது சொல்லிடுங்களேன். அவரு என்ன கடிச்சா தின்னுடுவாரு?" என்றாள் மனைவி.

"உனக்குத் தெரியாது. சும்மா இரு."

அப்பாவின் படுக்கை, கைத்தடி, சாப்பிடும் தட்டு எல்லாம் அலமாரிக்குள் போயின. அவசரத்தில் ஸ்வெட்டரும் போய்விட்டது. பிறகு அப்பாவிடம் வந்து, முகத்தைப் பார்க்காமல், "அப்பா, கொஞ்ச நேரம் கடற்கரைல உக்காந்திருங்கப்பா. அவர் போனதும் வந்து கூப்பிடறேன்" என்றார்.

"அதுக்கென்னடா, காத்து வாங்கின மாதிரி ஆச்சு" என்று அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்.

மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஓனர் நிற்கிறார். பக்கத்தில் அப்பா. ஓனரின் கோட்டு அப்பாவின் தோளில் இருந்தது.

தெருவில் இடமில்லாமல் காரைக் கடற்கரையில் நிறுத்தினாராம். பெஞ்சில் ஒரு பெரியவர் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தாராம். இந்த ஊர்ப் பாஷை தெரியவில்லை, பார்த்தால் உங்கள் பக்கத்து மனிதர் போலிருக்கிறார், கொஞ்சம் பேசிப் பாருங்கள் என்றார் ஓனர்.

அப்பா மகன் முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்தார். சட்டென்று கைகூப்பி, "வணக்கம் தம்பி. தொந்தரவு குடுத்துட்டேன்" என்றார்.

அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். லிஃப்ட்காரர், "வாங்க, உக்காருங்க" என்றார். ரயிலில் கடல் பார்க்க வந்தவராம் என்று ஓனரிடம் ஒரு கதையையும் அவிழ்த்துவிட்டார்.

மனைவி டீ கொண்டுவந்தாள். ஓனருக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில், முகத்தில் சிரிப்பு மாறாமல், "இப்பவாவது வாயத் தொறங்க. எனக்கு நாக்கப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு" என்றாள்.

"நீ சும்மா இரும்மா" என்றார் அப்பாவும் சிரித்தபடி. "பிஸ்கட் இருக்கா?"

தள்ளாத வயதில் இப்படித் தனியாக வந்திருக்கிறாரே, பிள்ளைகள் யாரும் இல்லையா என்று கேட்டுச் சொல்லுங்கள் என்றார் ஓனர்.

லிஃப்ட்காரர் சொந்த அப்பாவைப் பார்த்துக் கேட்டார்: "உங்களுக்குப் பிள்ளைங்க இல்லையான்னு கேக்கறாரு."

அப்பா டீயை ஊதி ஒரு வாய் குடித்தார். "ஒரே பையன். தங்கமானவன். வேலை ஜாஸ்தி, அதான் கூட வர முடியலன்னு சொல்லுங்க."

மகன் சொன்னார். தங்கமானவன் என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

ஓனர் குழாயைப் பார்த்தார், வாஷரை மாற்றினார், கிளம்பினார். பெரியவரை நானே ரயிலேற்றிவிடுகிறேன் என்று கையைப் பிடித்துக்கொண்டார். ரயிலில் வந்தவர் ரயிலில்தானே போக வேண்டும்! லிஃப்ட்காரரும் காரில் தொற்றிக்கொண்டார். ஸ்டேஷனில் அப்பாவுக்குக் கைகொடுத்து ஏற்றுகிற சாக்கில், "அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி பெஞ்சுல உக்காந்திருங்க, வந்துடறேன்" என்றார்.

"சரிங்க தம்பி." பாஷை தெரியாத ஓனருக்கு முன்னால்கூட அப்பா வேஷத்தைக் கலைக்கவில்லை. கோட்டை மட்டும் கழற்றித் திருப்பிக் கொடுத்தார்.

வண்டி போனது. கை அசைத்துவிட்டு ஓனர் கேட்டார்: உங்களுக்கு அப்பா அம்மா இருக்கிறார்களா? இருந்தால் அழைத்து வந்து வைத்துக்கொள்ளுங்களேன். உள்ளறை சும்மாதானே கிடக்கிறது, வயதானவர்களுக்குக் கடல் காற்று நல்லது.

லிஃப்ட்காரர் தலையாட்டினார். இனி எந்த வாயை வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்வது? காலுக்குக் கீழே இருந்த பிளாட்பாரம் அப்படியே பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது. நடந்தே போய்க்கொள்கிறேன் என்று சொல்லி, ஓனரின் கார் கண்ணை விட்டு மறைகிறவரை நின்றுவிட்டு அடுத்த வண்டியில் ஏறினார்.

அப்பா சொன்னபடியே பெஞ்சில் இருந்தார். கைகளை அக்குளில் செருகிக்கொண்டு, போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா!" லிஃப்ட்காரர் வண்டியை விட்டு இறங்குவதற்குள் கத்தினார். பிளாட்பாரத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்பா எழுந்தார். ஆனால் வாயைத் திறக்கவில்லை. மகனின் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். இறங்கியவர்கள் எல்லாரும் கலைந்து போகிறவரை பார்த்தார்.

பிறகு தணிந்த குரலில் கேட்டார். "அவரு கூட வரலியே? பேசலாமாடா?"