மொட்டைத் தலைக்கு எந்த அளவு

ஹெல்மெட் வாங்க வருகிறவர்கள் முதலில் கண்ணாடியைத்தான் பார்க்கிறார்கள். நிறம் எடுப்பாக இருக்கிறதா, முகம் நன்றாகத் தெரிகிறதா என்று. நான் தஞ்சாவூரில் ஒரு மோட்டார் சைக்கிள் கடையில் வேலை பார்க்கிறேன். இந்தக் கூத்தைப் பார்த்துப் பார்த்தே எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. தாடைப் பட்டையை மாட்டிக்கொண்டு, யாரையாவது பின்னாலிருந்து அடிவிளிம்பைப் பிடித்து முன்பக்கமாக உருட்டச் சொல்ல வேண்டும். கழன்று வந்தால் அது உங்கள் ஹெல்மெட் இல்லை. இடமும் வலமும் ஆட்டினால் நெற்றித் தோலும் கன்னமும் கூடவே நகர வேண்டும். இதையெல்லாம் சொன்னால், "இறுக்குதுங்க, ஒரு சைஸ் பெருசா குடுங்க" என்பார்கள். எக்கேடோ கெட்டுப் போங்கள் என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து விளக்குவேன்.

நான் பந்தயம் ஓட்டுகிறவள். ஊர் ஒரத்தநாட்டுப் பக்கம். அப்பா இல்லை. நிலத்தை அம்மாதான் பார்க்கிறாள். சென்னையில் ஓர் அணி எனக்கு வண்டி கொடுத்திருந்தது. தோல் உடுப்பையும் கவசங்களையும் கொடுத்தது. எல்லாம் ஆண்களின் உடம்புக்குத் தைத்தவை. முதுகுக் கவசம் எனக்கு நீளம். டேங்கின் மேல் குனிந்தால் அதன் மேல்நுனி ஹெல்மெட்டை முன்னால் தள்ளிக் கண்ணை மறைக்கும். பாதுகாப்புக்கு என்று போட்டுக்கொண்டதே கண்ணைக் குத்தினால் என்ன செய்வது? அலைந்து திரிந்து குட்டையாக ஒன்றைப் பிடித்தேன். ஹெல்மெட்டை மட்டும் நானே தேர்ந்தெடுத்தேன். எனக்குச் சுருட்டை முடி, நல்ல அடர்த்தி. அந்த முடியோடு அளவு பார்த்து வாங்கியது. மாட்டும்போது காது மடங்கி வலிக்கும், அப்படி ஒரு பிடிப்பு.

போன வருஷம் ஒரு வளைவில் விழுந்தேன். தோள்பட்டை எலும்பு விரிசல் கண்டது. ஹெல்மெட்டின் ஒரு பக்கம் தேய்ந்தே போயிருந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்த அம்மாவிடம் அதைக் காட்டி, "இதுதாம்மா என்னக் காப்பாத்துச்சு" என்றேன். அவள் அதைத் தடவிப் பார்த்தாள்.

"இருக்கட்டும். நாகூர்ல முடி எறக்குறதா வேண்டிக்கிட்டேன்."

"யாரு முடிய?"

"உன் முடியத்தான். என் முடிய வச்சு என்ன பண்ண, அதுல பாதி உதிர்ந்துபோச்சு."

உயிர் பிழைத்ததற்கு நன்றி என்று எடுத்துக்கொண்டேன். வளைவில் விழுந்ததற்கும் என் தலைமுடிக்கும் என்ன சம்பந்தம்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறாள் என்று நினைத்தேன். ஆனாலும் மறுக்கவில்லை. எங்கள் வீட்டில் நாகூருக்கு நேர்ந்துகொண்டால் செலுத்தாமல் விடுவது கிடையாது. எலும்பு கூடியது. அதே மாதிரி, அதே அளவில் ஒரு புது ஹெல்மெட் வாங்கி வைத்துக்கொண்டேன். அந்த வருஷத்தின் கடைசிப் பந்தயம் நெருங்கியது. அதில் ஓட்டி முடித்தால்தான் அடுத்த வருஷம் அணியில் இடம். இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். அம்மா ஒரே பிடியாக நின்றாள்.

"முடி எறக்காம நீ வண்டியில ஏறக் கூடாது."

எனவே பந்தயத்துக்குப் போகிற வழியிலேயே நாகூர் போனோம். தர்கா குளத்துப் பக்கம் உட்கார்ந்து முடியைக் கொடுத்தேன். சந்தனம் பூசியதும் தலை ஜில்லென்றிருந்தது. அங்கிருந்து நேராகச் சென்னை. அம்மாவும் வருகிறேன் என்றாள். ஒரு நாளும் பந்தயம் பார்க்க வராதவள் கட்டுச்சோற்றோடு கிளம்பியது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

பந்தயத்தன்று காலையில் கவசங்களைப் பரிசோதிக்கிற அதிகாரி ஹெல்மெட்டின் முத்திரையைப் பார்த்தார், பட்டையை இழுத்துப் பார்த்தார், ஸ்டிக்கர் ஒட்டினார். என் தலையில் வைத்துப் பார்க்கவில்லை. பயிற்சி ஓட்டத்துக்கு மாட்டியபோது அது தொப்பி மாதிரி உள்ளே இறங்கியது. காது மடங்கவே இல்லை. நேர்ச்சாலையில் வேகம் எடுத்ததும் காற்று அதைத் தூக்கியது. வளைவில் நான் தலையைத் திருப்பினால், ஹெல்மெட் சற்றுப் பொறுத்துத் திரும்பியது. மெதுவாக ஓட்டிக்கொண்டு அணியின் கொட்டகைக்குத் திரும்பிவிட்டேன்.

அணியின் பொறுப்பாளர் நல்ல மனிதர். தடித்த கன்னப் பஞ்சுகளைத் தேடி எடுத்து மாற்றிக் கொடுத்தார். கன்னம் பிடித்தது, உச்சி பிடிக்கவில்லை. இன்னொரு பெண் தன்னுடைய சிறிய ஹெல்மெட்டைக் கொடுத்தாள். அவள் தலை உருண்டை, என்னுடையது நீள்வட்டம். நெற்றியில் ஆணி அடித்த மாதிரி வலித்தது. தலையில் துண்டைக் கட்டிக்கொள் என்று ஒரு மெக்கானிக் சொன்னான். விழும்போது முதலில் வழுக்குவது அந்தத் துண்டுதான் என்று அவனிடம் எரிந்து விழுந்தேன்.

"கொஞ்ச நேர ஓட்டந்தானேம்மா. ஸ்டிக்கர் ஒட்டிட்டாங்க, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நீ ஓட்டலைன்னா எனக்கும் மேல பதில் சொல்ல முடியாது" என்றார் பொறுப்பாளர்.

நான் என் ஹெல்மெட்டை மாட்டி, பட்டையை இறுக்கிக்கொண்டு அவருக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

"பின்னாடி பிடிச்சு முன்னால உருட்டுங்க, சார்."

அவர் உருட்டினார். நெற்றியைத் தாண்டி அது அவர் கையோடு வந்துவிட்டது. அதை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"சரிம்மா. அடுத்த வருஷம் பாக்கலாம்."

கடையில் நானும் எத்தனையோ பேரிடம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அழுகை வந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என் இடத்தைக் காலியாக விட்டுவிட்டுப் பந்தயம் தொடங்கியது.

பார்வையாளர் பக்கம் போனேன். அம்மாவிடம் பொய் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அவள் எடுக்கச் சொன்ன முடியால்தான் எல்லாம் போயிற்று என்று தெரிந்தால் இடிந்து போவாளே. ஆனால் பொய் எனக்கு வாயில் வராது. முடி போனதால் ஹெல்மெட் ஆடுகிறது, அதனால் ஓட்டவில்லை என்று சொன்னேன்.

"அப்ப இன்னைக்கு ஏறல?"

"இல்ல."

"அடுத்த வருஷம்?"

"எடம் குடுக்க மாட்டாங்க."

அம்மா கண்ணை மூடிக் கைகூப்பினாள்.

"எதுக்கும்மா கும்பிடுற?"

"வேண்டுனது பலிச்சிடுச்சு."

"நான் பொழச்சதுக்குத்தானே வேண்டிக்கிட்ட?"

"அதுக்கு ஹெல்மெட்டுதான் காரணம்னு நீதானே சொன்ன. நான் கேட்டது வேற. நீ இனிமே இதுல ஏறவே கூடாதுன்னு கேட்டேன். பலிச்சப்புறம் குடுக்கலாம்னா அதுக்குள்ள நீ விழுந்துட்டா என்ன பண்றது? அதான் முடிய முன்னாடியே குடுத்துட்டேன்."

எனக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறியது. இத்தனை பேர் நடுவில் கத்தக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அத என்கிட்டயே கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா சரின்னு சொல்லியிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் ஆண்டவர்கிட்ட கேட்டேன்" என்றாள்.