பௌத்திரத்தைத் தொட்ட தண்ணீர்

முடிச்சூர் தாண்டி அடையாற்றின் மேல் ஒரு பாலம் இருக்கிறது. அதன் மூன்றாவது தூணில் நாலு வரி எழுதியவன் என் நண்பன் முனிரத்தினம். சுவர் விளம்பரம் எழுதுவது அவன் தொழில். தாம்பரத்திலிருந்து சேலையூர் வரை எங்கே காலிச் சுவரைப் பார்த்தாலும் அவன் கை அரிக்க ஆரம்பித்துவிடும். படுத்திருந்த எருமை மேலேயே ‘மனை விற்பனைக்கு’ என்று எழுதினான் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். அதில் பாதி பொய். ‘மனை’ எழுதி முடிப்பதற்குள் எருமை எழுந்து போய்விட்டது.

தூணில் எழுதியது ஒரு வைத்தியருக்காக. மேலிருந்து கீழே நாலு வரி: மூலம், பௌத்திரம், விரைவீக்கம், ஆபரேஷன் இல்லை. ஆற்றுக்குள் நிற்கும் தூணை எவன் வந்து படிப்பான் என்று வைத்தியர் கேட்டாராம். “காலைல ஆத்தங்கரைக்கு வர்றவனுக்குத்தான் டாக்டர் இந்தக் கஷ்டம்லாம் தெரியும். குந்திகினே படிப்பான்” என்று இவன் சொல்ல, வைத்தியர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றாராம்.

நோயாளிகள் படித்தார்களோ இல்லையோ, நாங்கள் நாலு பேர் படித்தோம். முனிரத்தினம், லேத் பட்டறை தனசேகர், வீடுகளுக்கு பெயின்ட் அடிக்கும் சவுரிமுத்து, ஆட்டோ ஓட்டும் நான். என் பெயர் துரை. வருடத்தில் பத்து மாதம் அடையாற்றில் ஓடுவதைத் தண்ணீர் என்று சொன்னால் தண்ணீர் மானநஷ்ட வழக்குப் போடும். ஐப்பசி, கார்த்திகையில்தான் அதற்குத் தான் ஒரு ஆறு என்பதே ஞாபகம் வரும். அப்போது நாங்கள் இறங்குவோம்.

எங்கள் படகு என்பது நாலு லாரி ட்யூப். நைலான் கயிற்றால் சேர்த்துக் கட்டி, மேலே பேனர் சட்டத்து ரீப்பர் கட்டைகளைப் போட்டிருந்தோம். பழைய தகர போர்டை வெட்டிக் கம்பில் ஆணி அடித்தால் துடுப்பு. என் துடுப்பில் ‘பல்’ என்று இருக்கும், பல் ஆஸ்பத்திரி போர்டில் மிச்சமானது. தனசேகர் துடுப்பில் ‘கோழி’. முனிரத்தினம் பின்னால் உட்கார்ந்து அதிகாரம் பண்ணுவான்.

“பல்லு, நீ வலி. கோழி, நீ சும்மா இரு. சவுரி, நீ எப்பவுமே சும்மாதான் கீற.”

பாலத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் கீழே ஒரு தரைப்பாலம். அதைத் தாண்டி இறங்குவதுதான் விளையாட்டு. தண்ணீர் தூணின் எந்த வரியைத் தொட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் முனிரத்தினம் எங்களைக் கூப்பிடுவான். கடைசி வரியான ‘ஆபரேஷன் இல்லை’ முழங்கால் உயரம். அந்த அளவில் ட்யூப் எங்களைச் சுமக்காது, நாங்கள்தான் ட்யூபைச் சுமப்போம். ‘விரைவீக்கம்’ சரியாக இடுப்பில் இருந்தது. எங்கே எழுத வேண்டுமோ அங்கேதான் எழுதியிருக்கிறான் என்று தனசேகர் சொல்வான். அந்த அளவில் படகு ஓடும், ஆனால் தரைப்பாலத்தின் மேல் தட்டி நிற்கும். இறங்கித் தள்ள வேண்டும்.

‘பௌத்திரம்’ கழுத்தளவு. அதுதான் எங்களுக்குத் தீபாவளி. தரைப்பாலம் மூழ்கி, அந்தப் பக்கம் வெள்ளையாகக் கொட்டும். கொட்டிய இடத்தில் தண்ணீர் சுருண்டு திரும்பி, விழுந்ததை விடாமல் வைத்து உருட்டும். இடது ஓரமாக ஒரே ஒரு இடத்தில் மட்டும் பாய் விரித்த மாதிரி வழவழவென்று இறங்கும். அது ஒரு பாய் அகலம்தான். தண்ணீர் நாலு விரல் ஏறினால் அந்த இடம் நகர்ந்துவிடும். அதைக் கண்டுபிடிப்பது முனிரத்தினம் வேலை. மற்ற மூன்று பேரும் கண்ணை மூடிக்கொள்வோம்.

‘மூலம்’ தலைக்கு மேல். அன்றைக்குப் பாலத்தின் மேல் நின்று பார்ப்பதோடு சரி.

“இன்னாடா, இன்னிக்கு நுரையே காணோம், சாதுவா போவுது. எறங்கலாம்” என்று சவுரிமுத்து ஒரு முறை கேட்டான்.

“நுரை இருந்தா கல்லு எங்க கீதுன்னு தெரியும்” என்றான் முனிரத்தினம். “இன்னிக்கு எல்லாம் உள்ள கீது. நீ எறங்கு. நாங்க அனகாபுத்தூர்ல வந்து உன் செருப்ப வாங்கிக்கறோம்.”

2005-ம் வருடம் ஐப்பசியில் பௌத்திரத்தில் ஒரு முறை இறங்கினோம். அன்றைக்கு நாங்கள் போன வேகத்துக்குப் பல்லவன் எக்ஸ்பிரஸ் வெட்கப்பட்டிருக்கும். சவுரிமுத்து பாதியில் கழன்று விழுந்து, சுழலில் இரண்டு முறை உருண்டு, தலையில் ஆகாயத்தாமரையோடு எழுந்தான். அடுத்த மாதமே பெரிய வெள்ளம். நாலு வரியும் முங்கியது. தனசேகர் வீட்டில் டிவி பெட்டி அறைக்கு அறை நடந்து போனது. அவன் குடும்பத்தோடு ஓசூருக்குப் போனான். சவுரிமுத்து கத்தாருக்குப் பெயின்ட் அடிக்கப் போனான். நான் வெண்ணிலாவைக் கட்டிக்கொண்டு கீழ்க்கட்டளைக்கு வந்து ஷேர் ஆட்டோ ஓட்ட ஆரம்பித்தேன்.

பிரிவதற்கு முன் டீக்கடையில் நின்று ஒரு சத்தியம் செய்தோம். எந்த வருடம் தண்ணீர் பௌத்திரத்தைத் தொடுகிறதோ, அன்றைக்கு எங்கே இருந்தாலும் நாலு பேரும் வந்துவிட வேண்டும். செய்யும்போது நாலு பேரும் சிரித்தோம். அதை நம்பியவன் முனிரத்தினம் ஒருத்தன்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. மேற்குத் தாம்பரத்தில் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு அறை. கால் நீட்டினால் தெருவில் நடப்பவன் தடுக்கி விழுவான், அவ்வளவு பெரிய அறை. பாதி இடத்தை ட்யூப்கள் எடுத்துக்கொண்டன. மழை மாதம் வந்தால் காலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு தூணைப் பார்க்கப் போவான். பார்த்துவிட்டு எங்கள் மூவருக்கும் வரிசையாக போன் பண்ணுவான்.

“மச்சான், விரைவீக்கத்துக்கு ரெண்டு விரல் கம்மி.”

“சரிடா.”

“ராத்திரி மழ வந்தா ஏறும்.”

“ஏறட்டும்டா. இங்க சவாரி ஏறுது, வெச்சிடறேன்.”

“சரி சரி. சாப்ட்டியா?” என்று கேட்பான். அதற்குள் நான் வைத்திருப்பேன்.

2006-ல் தண்ணீர் விரைவீக்கத்தைத் தாண்டவில்லை. 2007-ல் அதுவும் இல்லை. கார்த்திகை முடியப் போகிற ஒரு நாள் போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டுக் காலை சவாரிக்குப் போயிருந்தேன். டிபனுக்குத் திரும்பி வந்தால் வெண்ணிலா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள்.

“ஏங்க, உங்க ஃப்ரெண்டு முனிரத்தினம் போன் பண்ணாரு. பௌத்திரம் வந்துடுச்சாம்.”

நான் இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

“ரெண்டு வருசமா இதுக்குத்தான் காத்துகினு இருந்தேன்னாரு. பாவம், வலில இன்னா பேசறோம்னே தெரியல மனுசனுக்கு. தனியா கீறேன், அவன உடனே அனுப்பு தங்கச்சின்னாரு.”

ஆற்று விஷயம் அவளுக்கு நான் சொன்னதே இல்லை. சொன்னால் அன்றைக்கே ட்யூபைக் கிழித்துவிடுவாள். சிரிப்பை அடக்கியதில் எனக்கே விரைவீக்கம் வந்திருக்கும். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் போகும் எண்ணம் இல்லை. அந்த வாரம் பெய்த மழையில் என் ஆட்டோவின் வைப்பர் பாதிதான் நனைந்தது. அதில் எப்படிப் பௌத்திரம் தொடும் என்று உள்ளுக்குள் ஒரு சந்தேகம். ஆனால் வெண்ணிலா அதற்குள் அடுப்பை மூட்டிவிட்டாள். ஒரு மணி நேரத்தில் தூக்குச் சட்டி ஒன்றை என் கையில் கொடுத்தாள்.

“காரம் ஒரு பொட்டு கூட போடல. உக்காந்து சாப்ட முடியலன்னா நின்னுகினே சாப்டச் சொல்லுங்க.”

நான் போனபோது முனிரத்தினம் பாலத்தடியில் கரையில் உட்கார்ந்திருந்தான். காது மடலில் நீலப் பெயின்ட். நாலு ட்யூபுக்கும் காற்று அடித்துக் கட்டி வைத்திருந்தான். பக்கத்தில் நாலு துடுப்பும் வரிசையாக இருந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்தான். கை கொடுப்பதா, கட்டிப்பிடிப்பதா என்று தெரியாமல் என் சட்டைப் பையைச் சரி செய்துவிட்டான்.

“தனசேகர் வர்றானா?” என்றேன்.

“லீவு இல்லியாம்.”

“சவுரி?”

“கத்தார்ல இருந்து எப்டிடா வருவான்?”

“அப்ப நாலு துடுப்பு எதுக்கு?”

“ரெண்டு வெச்சா பாக்க நல்லா இல்ல.”

தூணைப் பார்த்தேன். பௌத்திரம் தண்ணீரில்தான் இருந்தது, பொய் இல்லை. எழுத்து புதுசாகப் பளபளத்தது. பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு தூண் பக்கம் இறங்கினேன். தண்ணீர் என் முழங்காலைத் தொட்டது. அதற்கு மேல் வர அதற்கு இஷ்டம் இல்லை.

“முனி, கழுத்தளவுன்னு சொல்வியே. எனக்குக் கழுத்து எறங்கிடுச்சாடா?”

“வெள்ளத்துல மண்ணு வந்து ஆறு மேடாயிடுச்சு மச்சான்.”

“மண்ணு வந்தா எழுத்து எறங்குமா?”

அவன் துடுப்பு ஒன்றை எடுத்துத் துடைத்தான். தூணின் மேல் பக்கம், பழைய எழுத்து இருந்த இடத்தில், வெள்ளை அடித்திருந்தது. மழைக்கு முன்னால், ஆறு காய்ந்திருக்கும்போதே வந்து வரிகளைக் கீழே இறக்கி எழுதியிருக்கிறான். விரைவீக்கம் தண்ணீருக்கு அடியில் தெரிந்தது.

“கடசி வரி எங்கடா? ஆபரேஷன் இல்லைன்னு போட்டிருந்தியே.”

“எடம் பத்தல.”

“அப்ப இனிமே வர்றவனுக்கெல்லாம் ஆபரேஷன்தான்.”

என் ஜோக்குக்கு எப்போதும் முதலில் சிரிக்கிறவன் அவன். அன்றைக்குச் சிரிக்கவில்லை. “வந்துட்ட இல்ல, வா ஒரு ரவுண்டு போலாம்” என்றான்.

இரண்டு பேரும் படகைத் தண்ணீரில் தள்ளி ஏறி உட்கார்ந்தோம். இருபது அடி போனது. ஒரு மணல் திட்டில் ஏறி நின்றது. இறங்கித் தள்ளினோம். இன்னும் இருபது அடி. அதற்குள் கரையில் ஒரு மாடு எங்களை முந்திக்கொண்டு போனது. மூன்றாவது முறை நின்றதும் இறங்கவில்லை. ஆற்று நடுவில் படகின் மேலேயே உட்கார்ந்துகொண்டோம். ட்யூபுக்கு அடியில் தண்ணீர் வந்து, ஏன் வழியில் நிற்கிறீர்கள் என்பது போல ஒதுங்கிப் போனது.

“தங்கச்சி குடுத்து உட்டுச்சா?” என்று தூக்குச் சட்டியைத் திறந்தான். மோர் சாதம். மேல் கிண்ணத்தில் கருணைக்கிழங்கு மசியல். ஒரு வாய் வைத்தான். உப்பு கூடக் குறைவு. இன்னொரு வாய் வைத்தவன் மெதுவாக மெல்லுவதை நிறுத்தினான். மூல வியாதிக்காரர்களுக்கு என்ன கொடுப்பார்கள் என்பது அவனுக்குத் தெரியாதா? வைத்தியருக்கு எழுதிக் கொடுத்த போர்டுகளில் ‘கருணைக்கிழங்கு லேகியம்’ என்பதையே நூறு முறை எழுதியிருக்கிறான்.

“எனக்குப் பௌத்திரம்னு நெனச்சிகிச்சா தங்கச்சி?”

நான் தூக்குச் சட்டியின் மூடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

“அப்ப நீ தண்ணிக்கு வர்ல. நோவு பாக்க வந்த.”

“நீ மட்டும் தண்ணிக்கா கூப்ட?” என்றேன்.

வாயிலிருந்து போன பிறகுதான் அது ஜோக் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அவன் மசியலை ஒரு துளி விடாமல் வழித்துச் சாப்பிட்டான்.

“நல்லாகீது. காரம்தான் இல்ல” என்றான்.

படகை இழுத்துக்கொண்டு கரைக்கு நடந்து வந்தோம். அவன் சைக்கிளில் மாட்டியிருந்த பையிலிருந்து வெள்ளை டப்பா, நீல டப்பா, பிரஷ் எல்லாவற்றையும் எடுத்தான்.

“இன்னாடா பண்ற?”

“பழய எடத்துலயே எழுதிடறேன். நெசமாவே தொட்டுச்சுன்னா நீங்க நம்பணும்ல.”

தண்ணீரில் இறங்கி, கீழே எட்டுகிற வரைக்கும் வெள்ளை அடித்து மறைத்தான். பிறகு நீல டப்பாவை என்னிடம் கொடுத்தான். நான் பிடித்துக்கொண்டேன். தலைக்கு மேல் கையை நீட்டி ‘மூலம்’ எழுத ஆரம்பித்தான். அளவெடுக்கவில்லை, நூல் போடவில்லை. பழைய இடம் அவன் கைக்குத் தெரிந்திருந்தது. அவன் ‘ம்’ புள்ளி வைக்கும்போது என் போன் அடித்தது. ஸ்டாண்டில் என் முறை வந்துவிட்டதாம், வரவில்லை என்றால் அடுத்த வண்டிக்குப் போய்விடுமாம்.

“நீ போ” என்று என் கையிலிருந்து டப்பாவை வாங்கினான். ஒரு கை பிரஷுக்கு, ஒரு கை தூணைப் பிடித்துக்கொள்ள. டப்பாவுக்குக் கை இல்லை. கம்பிப் பிடியைப் பல்லில் கடித்துக்கொண்டான்.

நான் கரையேறி நின்று, “அடுத்த வாரம் போன் பண்ணு, எவ்ளோ கீதுன்னு சொல்லு” என்றேன்.

வாயில் டப்பா இருந்ததால் அவனால் பதில் சொல்ல முடியவில்லை. தலையை ஆட்டினான். நீலம் கொஞ்சம் சிந்தி அவன் பனியனில் வழிந்தது. பிறகு திரும்பிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நின்றபடி, கழுத்து உயரத்தில் ‘பௌ’ எழுத ஆரம்பித்தான்.