குளியலறைத் தாழ்ப்பாள்

மறுநாள் எனக்கு மார்பை எடுக்கும் ஆபரேஷன். தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு எப்படி இருப்பேன் என்று யாரிடம் கேட்பது?

பக்கத்துக் கட்டிலில் காயல்பட்டினத்து அக்கா. போன மாதமே அதே ஆபரேஷன் முடிந்து, இப்போது மருந்து ஏற்றிக்கொள்ள வந்திருந்தவர். வார்டுக்குள்ளும் புர்காவைக் கழற்றாதவர். "ஏளா, இங்கன வா" என்று குளியலறைக்குள் கூட்டிப்போய்த் தாழ்ப்பாள் போட்டார். புர்காவைக் கழற்றி, சட்டையை விலக்கிக் காட்டினார். ஒரு பக்கம் தட்டையாக, அக்குள்வரை தழும்பு.

"பாக்க அருவருப்பா இருக்கா?"

"இல்லக்கா."

"நெசமாச் சொல்லு. அடுத்த வாரம் எங்க வீட்டுக்காரர் துபாயில இருந்து வாராக. அவுக இன்னும் பாக்கல. நீதான் மொதல்ல."

எனக்குத் தைரியம் சொல்லக் கூட்டி வந்தார் என்றல்லவா நினைத்தேன்! அவர் சட்டையை மூடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பட்டனை நான்தான் போட்டுவிட்டேன்.

காலையில் ஸ்ட்ரெச்சரில் போகும்போது, நான் பார்த்தேயிராத அந்த மனிதர் முகம் சுளித்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே போனேன். எனக்காக வேண்டிக்கொள்ள மறந்துவிட்டேன்.