குடிலுக்குப் போனவரைக் கூப்பிடுவதில்லை

குன்வோர் கோபக்காரி என்பது அந்தக் கடற்கரை முழுக்கத் தெரியும். பேருந்து ஓட்டுகிறவள். படியில் நின்று வம்பளப்பவர்களை விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக் கிளம்பிவிடுவாள். ஆனால் அந்த ஜூலையில் வந்த கோபம் வேறு.

கணவன் ஒட்லைவுக்குத் திடீரென்று பேச்சு குழறியது. வலது கை துவண்டது. ஸ்கேனில் மூளைக்குள் ஒரு வளையம். புற்றுநோயாக இருக்கலாம், சீழ்க்கட்டியாகவும் இருக்கலாம் என்றாள் இளம் மருத்துவர் சுன்னிவா.

"எதுன்னு எப்பத் தெரியும்?"

"அதே மெஷின்ல இன்னொரு விதமா எடுத்தா, கட்டிக்குள்ள என்ன ரசாயனம்னு காட்டும். அதைப் படிக்கத் தெரிஞ்சவர் இங்க டாக்டர் ஸ்டூரே ஒருத்தர்தான். லீவுல, மலைக்குடில்ல இருக்கார். திங்கட்கிழமை வந்துடுவார்."

"ஃபோன் பண்ணுங்க."

கேட்கக் கூடாததைக் கேட்டதுபோல் சுன்னிவாவின் முகம் சிவந்தது. "குடிலுக்குப் போனவங்களை யாரும் கூப்பிடறதில்லையே."

குன்வோரும் அப்படி வளர்ந்தவள்தான்; ஓய்வெடுக்க மலைக்குடிலுக்குப் போனவரைத் தொந்தரவு செய்வது அந்த ஊரில் பெரிய குற்றம். அம்மா இறந்ததைக்கூட, அண்ணன் குடிலிலிருந்து இறங்கி வந்த பிறகே அவனிடம் சொன்னாள். அதனால் இரண்டு நாள் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தாள். மூன்றாம் நாள் ஒட்லைவின் கை அசையவே இல்லை.

"விடு... பாவம்... லீவு..." என்று குழறினான்.

"வாயை மூடுடா. திங்கட்கிழமை வரைக்கும் உயிரோட இருப்பேன்னு எழுதிக் கொடுத்திருக்கியா?"

காரை எடுத்துக்கொண்டு மலையேறினாள். ஸ்டூரே ஏணிமேல் நின்று குடிலுக்குச் சிவப்புச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடிப்பதற்குள் தூரிகையைப் புல்லில் எறிந்தார்.

"ஃபோன் என் பாக்கெட்லதானே இருக்கு! ஏன் ஒருத்தரும் கூப்பிடல?"

"நீங்க குடில்ல இருக்கீங்களாம்!" மலையே கேட்கும்படி கத்தினாள்.

சாயம் காயாத கையோடு வந்து ஸ்டூரே அந்த ஸ்கேனை எடுத்தார். திரையில் கோடு சிறுசிறு முகடுகளாக ஏறி இறங்கியது.

"இந்த முகடுங்க புத்துநோய்ல வராது. கிருமி வளர்ந்து விட்டுட்டுப் போன கழிவு. சீழ்தான்."

அன்று மாலையே ஊசி விட்டுச் சீழை உறிஞ்சி எடுத்தார்கள். ஒட்லைவ் பிழைத்தான். பேச்சு திரும்பியது. கை திரும்பவில்லை.

"அதிர்ஷ்டம்தான்" என்றாள் சுன்னிவா.

"ரெண்டு நாள் முன்னாடி கூப்பிட்டிருந்தா?"

குன்வோர் மேசைமேல் கிடந்த தடித்த பேனாவை எடுத்து, செவிலியர் அறையின் வெள்ளைக் கதவில் ஸ்டூரேயிடம் கேட்டு வாங்கியிருந்த ஃபோன் எண்ணை ஆளுயரத்துக்கு எழுதினாள்.

"ஐயோ, அது அழியாத மை!" என்றாள் ஒரு செவிலி.

"அழிச்சுதான் பாருங்களேன்" என்றாள் குன்வோர்.